கீமோவுக்குப் பிறகு கொடுக்கும் வாந்தி மாத்திரைகள்: அம்மாவுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 62 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மதுரையில் முதல் கீமோ போட்டார்கள். சிவப்பு மருந்து. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் காலையிலிருந்து ஒரே வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு நான்கு வகை மாத்திரை கொடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா அதில் எமிசெட் மட்டும்தான் போட்டார். ராத்திரி போடச் சொன்ன மாத்திரையை நெட்டில் தேடினால் மனநோய்க்கானது என்று வருகிறது. இன்னொன்று ஸ்டீராய்டு, முதல் நாள் போட்ட ஊசியிலேயே சர்க்கரை 340-க்குப் போய்விட்டது. எமிசெட்டும் ஹார்ட்டை நிறுத்திவிடும் என்று சித்தி ஒரு வீடியோ அனுப்பினார். அப்பாவோ, "வாந்தியை அடக்காதே, மருந்தோட விஷம் வெளியே போகுது" என்கிறார். நாலு நாள் மலமும் போகவில்லை. அம்மா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரையும் போடுவார். அடுத்த கீமோவுக்கு 10 நாள் இருக்கிறது. "இனிமே ஊசிக்கு வரமாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். இந்த மாத்திரைகளில் எதைக் கொடுக்கலாம், எதை விடலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முக்கியமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரைகளை, எழுதிக் கொடுத்த அளவில், எழுதிக் கொடுத்த நாள் வரைக்கும், வாந்தி வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்றாம் நாள் வந்த வாந்தியில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும். உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தபோது யாராவது 10 நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால், இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. 17 வருடமாகக் கீமோ டே கேர் பிரிவில் வேலை செய்கிறேன். கூட்டம் அதிகமான நாட்களில் நானே அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். அதனால் வந்த கஷ்டத்தை நோயாளிகள் வீட்டில் பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் சித்தி பயப்படுவதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்து அவர் காட்டிய மாத்திரையில் தனியாக இல்லை. அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போன சாப்பாடு வயிற்றில் இருந்தால் வாந்தி அதை வெளியேற்றும், சரி. அம்மாவுக்குப் போட்ட மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை. நரம்பு வழியாக நேரே ரத்தத்தில் கலந்தது. எத்தனை முறை வாந்தி எடுத்தாலும் அது வெளியே வராது. கல்லீரலும் சிறுநீரகமும்தான் அதை வெளியேற்றும், அதற்கு உடம்பில் தண்ணீர் இருக்க வேண்டும். வாந்தியில் போவது தண்ணீரும் உப்பும் பொட்டாசியமும்தான். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வாந்தி நின்று அம்மா தண்ணீர் குடித்தால்தான் அந்த விஷம் சிறுநீரில் போகும். என் அனுபவத்தில் பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

சரி, முதல் நாள் நன்றாக இருந்தவருக்கு மூன்றாம் நாள் ஏன் வந்தது? கீமோ மருந்து ரத்தத்தில் ஏறியதும் சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் சில செல்கள் செரட்டோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைத் தூண்டுகிறது; மூளையில் வாந்தியை உண்டாக்கும் இடம் விழித்துக்கொள்கிறது. இது முதல் 24 மணி நேரக் கதை. எமிசெட் என்று எல்லோரும் சொல்லும் ஆன்டான்செட்ரான் இந்தச் செரட்டோனின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். அதனால்தான் அன்றைக்கு அம்மா நன்றாக இருந்தார். இரண்டாம் நாளுக்கு மேல் ஆட்டம் மாறுகிறது. அப்போது முன்னால் நிற்பது மூளைக்குள்ளேயே வேலை செய்யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருள். அதை ஆன்டான்செட்ரான் தொடாது. அதற்குத்தான் அப்ரெபிடன்ட் கேப்ஸ்யூல், ராத்திரி மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம். அம்மா போட்டது முதல் நாளுக்கான மாத்திரை. போடாமல் விட்டது மூன்றாம் நாளுக்கானவை. வாந்தி அந்த இடைவெளியில்தான் புகுந்தது.

அம்மாவுக்குப் போடும் கீமோ, அதாவது டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தது, வாந்தியைக் கிளப்புவதில் முதல் வரிசையில் இருப்பது. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் இந்த வரிசை மருந்துகளில் 100 பேரில் 90 பேருக்கு மேல் வாந்தி வரும். ஆன்டான்செட்ரான் 1991-லும் அப்ரெபிடன்ட் 2003-லும்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதற்கு முந்தைய காலத்து வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் வாந்தி வாளி இருந்ததையும், பாதியில் சிகிச்சையை விட்டு ஓடிப்போனவர்களையும் என் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்கு வகை மாத்திரையை அளவுக்கு மீறி எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கீமோவுக்கு இன்று உலகம் முழுக்கக் கொடுப்பது இதே நான்கு வகைதான்.

இனி இதயத்துக்கு வருவோம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்சாரம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை ஈசிஜியில் அளக்கலாம், கியூடி என்பார்கள். ஆன்டான்செட்ரான் இந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டும். ரொம்பவும் நீண்டால், பொதுவாக 500 மில்லி செகண்டைத் தாண்டும்போது, இதயத் துடிப்பு தாளம் தப்பும் ஆபத்து இருக்கிறது. 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஒரே ஊசியில் 32 மி.கி. ஆன்டான்செட்ரான் ஏற்றுவதை இதற்காகவே நிறுத்தச் சொன்னது. இப்போது ஊசியில் ஒரு முறைக்கு 16 மி.கி.தான் உச்சம், 75 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் ஊசி 8 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. உங்கள் சித்திக்கு வந்த வீடியோ எதைப் பார்த்து எடுத்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பயத்தின் வேர் அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது. அம்மா வீட்டில் போடும் 8 மி.கி. மாத்திரை, நிறுத்தச் சொன்ன அந்த 32 மி.கி. ஊசியின் கால் பங்கு. அதிலும் வாய் வழியாகப் போவது மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும்.

ஆனால் இங்கேதான் அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை வருகிறது. அதன் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'டி' என்றோ 'டிஎஸ்ஆர்' என்றோ எழுத்து இருந்தால், அதற்குள் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டாம்பெரிடோனும் இருக்கிறது. டாம்பெரிடோன் ஒரு வாந்தி மருந்து. அதுவும் கியூடி நேரத்தை நீட்டும். ஐரோப்பாவில் 2014-ல் இதை ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் போகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்காமல் கொடுக்கச் சொல்லிக் கட்டுப்படுத்தினார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னார்கள். நம் ஊரில் அதே 30 மி.கி.யை உள்ளே வைத்த கேப்ஸ்யூலைச் சீட்டே இல்லாமல் வாங்கி வருடக் கணக்கில் டீக்கு முன்னால் போடுகிறார்கள். அது மருந்து என்ற நினைப்பே இருப்பதில்லை. டாக்டர் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் என்று சொல்வார்கள். கேஸ் மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள்.

இதோடு மேலும் மூன்று விஷயங்கள் சேரும். பிரஷர் மாத்திரை பலவற்றில் சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்திருக்கும். அது பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீண்ட காலம் எடுத்தால் மெக்னீசியம் இன்னும் குறையலாம். வாந்தியில் பொட்டாசியம் போகிறது. இந்த இரண்டு உப்பும் குறைந்த உடம்பில்தான் ஆன்டான்செட்ரானும் டாம்பெரிடோனும் இதயத்தைத் தொந்தரவு செய்யும். போதாததற்கு, அப்ரெபிடன்ட் டாம்பெரிடோனைக் கல்லீரல் கழித்துவிடும் வேகத்தைக் குறைப்பதால், அது ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். ஆக, அடுத்த கீமோவுக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: கேஸ் மாத்திரையை டாம்பெரிடோன் இல்லாததாக மாற்றித் தரச் சொல்லுங்கள்; ஊசிக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஈசிஜியும் எடுத்துவிட்டால் நல்லது. முதல் கீமோவுக்கு முன் எக்கோ எடுத்திருப்பார்கள். அது சிவப்பு மருந்துக்காக, இதயத் தசையின் பலத்தைப் பார்ப்பதற்கு. மின்சாரத்தைப் பார்ப்பது ஈசிஜி. ஒன்று எடுத்தால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா வயதுதான் அவருக்கும். கீமோவுக்கு வந்தவர் காலையில் இரண்டு முறை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டதாக மகன் சொன்னார். மாத்திரைகள் எங்கே என்றேன். மகன் ஒரு துணிக்கடைப் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். 11 அட்டைகள். சிலவற்றில் பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வெள்ளிக் காகிதத்தில் இரண்டு எழுத்து மட்டும் பாக்கி. நானும் நர்ஸும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தோம். ஆன்டான்செட்ரான் வேறு வேறு கம்பெனிப் பெயரில் மூன்று அட்டை. ஒன்று நாங்கள் கொடுத்தது, ஒன்று உள்ளூர் கிளினிக்கில் கொடுத்தது, ஒன்று கடையில் கேட்டு வாங்கியது. மூன்றையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, வேளைக்கு மூன்றும் போட்டிருக்கிறார். கூடவே டாம்பெரிடோன் சேர்ந்த கேஸ் கேப்ஸ்யூல். அன்று எடுத்த ஈசிஜியில் கியூடி நீண்டிருந்தது, பொட்டாசியம் குறைந்திருந்தது. கீமோவைத் தள்ளிவைத்து, மூன்றில் இரண்டை நிறுத்தி, பொட்டாசியம் ஏற்றி, மானிட்டரில் வைத்தோம். இரண்டு நாளில் சரியாகி வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும், கேஸ், தைலம், லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே கொண்டுபோங்கள். மாத்திரையை அட்டையில் பெயர் இல்லாத ஓரத்திலிருந்து எடுக்கப் பழக்குங்கள். அம்மா மனச்சோர்வுக்கு மாத்திரையோ வலிக்கு டிரமடாலோ எடுத்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை செரட்டோனினைக் கூட்டுபவை, ஆன்டான்செட்ரானோடு அபூர்வமாக நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று கொண்டுவிடும்.

ராத்திரி மாத்திரை ஓலான்சபைன் என்று நினைக்கிறேன். ஆம், அது மனநோய்க்காக வந்த மருந்துதான். நெட்டில் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அந்த நோய்க்கு 10, 15, 20 மி.கி. என்று மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கொடுப்பார்கள். இங்கே 2.5 அல்லது 5, மிஞ்சினால் 10 மி.கி., அதுவும் 4 இரவு. மூளையில் வாந்தியைத் தூண்டும் பல பொருள்களை ஒரே மாத்திரை அடைப்பதால்தான் இதைப் பயன்படுத்துகிறோம். குறிப்பாகக் குமட்டலுக்கு. வாந்தி நின்றாலும் நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட விடாமல் செய்யும் குமட்டலை மற்ற மருந்துகளால் இந்த அளவுக்கு அடக்க முடிவதில்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் அம்மாவுக்குப் போடும் இதே வகைக் கீமோ எடுத்தவர்களிடம் 2.5 மி.கி.யையும் 10 மி.கி.யையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். வாந்தியைத் தடுப்பதில் சின்ன அளவு சளைக்கவில்லை, பகல் மயக்கம் மட்டும் நன்றாகக் குறைந்தது. அம்மாவின் அட்டையில் 5 அல்லது 10 என்று இருந்தால், 62 வயதில் 2.5 போதுமா என்று தாராளமாகக் கேளுங்கள். இந்த மாத்திரையில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தலை சுற்றி விழுவது. படுக்கும் நேரத்தில் கொடுங்கள், ஒரு சின்ன விளக்கு எரியட்டும், எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்த பிறகு நடக்கச் சொல்லுங்கள், அந்த 4 இரவும் பக்கத்தில் ஒருவர் படுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் இதோடு சேர்க்கக் கூடாது.

ஸ்டீராய்டு விஷயத்தில் அம்மாவின் பயம் நியாயமானது. 340 என்பது சும்மா விடும் எண் கிடையாது. டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், அதிலும் மதியத்துக்கு மேல், சாயங்காலம்தான் உச்சத்துக்குப் போகும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு நார்மல் என்று இருந்துவிடுவார்கள். அந்த நாட்களில் மாலை 4, 5 மணிக்கு ஒரு முறை பாருங்கள். நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கீமோவுக்கு மற்ற மூன்றும் ஒழுங்காகக் கொடுத்தால், ஸ்டீராய்டை முதல் நாள் ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். "டாக்டர், இரண்டாம் நாளிலிருந்து ஸ்டீராய்டு இல்லாமல் சமாளிக்க முடியுமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டும் என்றால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மாலையில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். சர்க்கரைக்கு எதிர்த் திசையிலும் ஆபத்து இருக்கிறது. வாந்தியில் எதுவும் சாப்பிடாமல், கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டால் சர்க்கரை கீழே விழும். உடம்பு வறண்ட நாளில் மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும்கூட வேறு தொல்லைகளைக் கொண்டுவரலாம். சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதைக் கீமோவுக்கு முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்ரெபிடன்ட் மூன்று நாள் கேப்ஸ்யூல், முதல் நாள் 125, அடுத்த இரண்டு நாள் 80 மி.கி. அலுப்பும் விக்கலும் வரலாம், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவற்றின் பலத்தை இது குறைக்கும். இந்த மருந்துகளால் கல்லீரலும் கிட்னியும் போய்விடும் என்பதும் வழக்கமான பயம். மூன்று, நான்கு நாள் கொடுக்கும் அளவில் அப்படி எதுவும் ஆகாது. கல்லீரல் ஏற்கெனவே மோசமாக இருப்பவர்களுக்கு ஆன்டான்செட்ரானை நாளுக்கு 8 மி.கி.க்குள் நிறுத்துவோம். தண்ணீர் இறங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பதுதான் கிட்னிக்குக் கெடுதல்.

வாந்தி நிற்கவில்லை என்று பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போடுகிறவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் போடுவது மெட்டோகுளோபிரமைடு. சரியான ஆளுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஓலான்சபைன் எடுப்பவருக்கு அதோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டும் மூளையில் ஒரே இடத்தை அடைப்பவை. அப்படி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கல்லூரிப் பையனிடம் பார்த்தேன். கீமோ முடிந்து ஊருக்குப் போனவன், அங்கே ஊசி போட்ட ராத்திரி கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி, வாய் கோணி வந்து சேர்ந்தான். பாட்டி திருநீறு பூசி, வேப்பிலையோடு கூடவே வந்திருந்தார். புரோமெத்தசின் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. "இப்ப பசிக்குது" என்றான். இது வயசுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். பெரியவர்களுக்கு வேறு மாதிரி: ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, நடக்கும்போது விறைப்பு. பார்க்கின்சன்ஸ் உள்ளவர்களுக்கு இந்த ஊசியே ஆகாது. எங்கே ஊசி போட்டாலும் கீமோ சீட்டையும் மாத்திரைச் சீட்டையும் முதலில் காட்டுங்கள்.

மலச்சிக்கல் அம்மாவின் உடம்புக் கோளாறு இல்லை, ஆன்டான்செட்ரானின் வேலை. அது குடலின் அசைவைக் குறைக்கும். கூடவே தண்ணீரும் சாப்பாடும் குறைந்தால் நாலு நாள் என்ன, ஒரு வாரம்கூடப் போகாது. நிறையப் பேர் இதற்குப் பயந்தே மாத்திரையை விடுகிறார்கள். அடுத்த முறை கீமோ அன்று ராத்திரியே மலமிளக்கியை ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு நாள் காத்திருந்து ஆரம்பிப்பதற்கு இது எவ்வளவோ மேல். பப்பாளி, வெதுவெதுப்பான தண்ணீர் எல்லாம் கூடவே இருக்கட்டும். எனிமாவும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் வீட்டில் வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். டாக்டரிடம் கேட்கக்கூடிய இன்னொரு வழி, ஆன்டான்செட்ரான் வகையைச் சேர்ந்த பாலோனோசெட்ரான் என்ற வாந்தித் தடுப்பு ஊசி. ஒரு முறை போட்டால் சில நாள் நிற்கும், இதயத்திலும் தொந்தரவு குறைவு. அதைப் போட்டிருந்தால் வீட்டில் ஆன்டான்செட்ரான் பெரும்பாலும் தேவைப்படாது.

இஞ்சி, சுக்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். சமையலில் சேர்க்கும் அளவுக்கு, ஒரு சுக்கு காபி, இஞ்சித் துண்டு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். மாத்திரைகளுக்குப் பதிலாக அது வேண்டாம். பெயர் தெரியாத சூரணமும் கஷாயமும் கீமோ முடியும் வரை வேண்டவே வேண்டாம்.

அம்மா மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் அது முழுசாக வாந்தியில் தெரிந்தால், போனில் கேட்டுவிட்டு மறுபடி கொடுக்கலாம். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை வாந்தியைத் துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். மருந்தின் மிச்சம் அதில் கொஞ்சம் இருக்கும். எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, படபடப்போடு கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வருகிறது, வயிறு உப்பி மலமும் காற்றும் போகவில்லை, பேச்சு குழறுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் வாந்தி இல்லாவிட்டாலும் அன்றே, அந்த நேரமே போக வேண்டும்.

கடைசியாக அம்மா சொன்ன அந்த வார்த்தை. "இனிமே ஊசிக்கு வரமாட்டேன்" என்பதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை மோசமாக வாந்தி எடுத்தால் மூளை அதை ஆஸ்பத்திரி வாசனையோடு, சிவப்பு நிறத்தோடு முடிச்சுப் போட்டுவிடும். அடுத்த முறை ஊசி ஏறும் முன்பே குமட்டும். சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்க்க வந்த ஒரு அக்கா, வெயிலுக்கு வாங்கிய தர்பூசணி ஜூஸை வாயருகே கொண்டுபோக முடியாமல் அப்படியே வைத்துவிட்டதாகச் சொன்னார். இந்த முடிச்சு இறுகிய பிறகு மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. இரண்டாம் கீமோ வாந்தி இல்லாமல் போவது அதனால்தான் இவ்வளவு முக்கியம். அம்மாவுக்குப் பஸ்ஸில் மலைப்பாதை ஏறினால் குமட்டுமா, நீங்கள் வயிற்றில் இருந்தபோது மசக்கை கடுமையாக இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கீமோ வாந்தி கூடுதலாக வரும், மருந்தை அதற்கேற்பத் திட்டமிடலாம். தேவைப்பட்டால் கீமோவுக்கு முந்தைய ராத்திரி பதற்றத்தைக் குறைக்க ஒரு சின்ன மாத்திரையும் கொடுப்பார். கீமோ அன்று அம்மாவுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள், அதுவும் இந்த முடிச்சில் மாட்டிக்கொள்ளும். வெறுமனே இட்லி, மோர் சாதம், ஆறிய கஞ்சி போதும்.

நீங்கள் 10 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் வந்து நான் இதை எழுதுவதற்குள் அதில் 3 நாள் போய்விட்டது. ஊசி போடும் நாள் வரை காத்திருக்காமல் நாளைக் காலையே டே கேருக்குப் போன் செய்து, "முதல் கீமோவில் மூன்றாம் நாள் வாந்தி, மாத்திரைகளைப் பயந்து நிறுத்திவிட்டோம், சர்க்கரை 340 போனது, காலையில் கேஸ் கேப்ஸ்யூல் எடுக்கிறார்" என்று இந்த நான்கையும் சொல்லுங்கள். ஊசிக்கு ஒரு நாள் முன்னால் வந்து டாக்டரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், மாத்திரைப் பையோடு.